இரண்டு மணி நேர ஆபரேஷன்; ஆயுள் முழுதும் பத்தியம்

பத்தியம் என்ற சொல் நம் வீடுகளில் மெள்ள மறைந்து வருகிறது. பாட்டி காலத்தில் பேதிக்கு மருந்து சாப்பிட்டால் அன்றைக்கெல்லாம் மோர் சாதந்தான். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் பத்தியச் சமையல். மருந்து பாதி, பத்தியம் பாதி என்பது அந்நாளைய வைத்தியரின் கணக்கு. பிறகு மாத்திரை வந்தது, ஊசி வந்தது, பத்தியம் போயிற்று. "எல்லாம் சாப்பிடலாமா, டாக்டர்?" என்று கேட்கிறோம். "சாப்பிடலாம்" என்ற பதில் கிடைத்தால் பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிட்டதாக எண்ணி வீடு திரும்புகிறோம்.

அந்தப் பழைய சொல்லை வெகு நவீனமான ஒரு ரண சிகிச்சை இப்போது திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது. உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் செய்யப்படும் ஆபரேஷன்தான் அது. சென்னையில் மட்டுமின்றிக் கோவை, மதுரை போன்ற நகரங்களிலும் அது நடக்கிறது. "முன்பு", "பின்பு" என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு விளம்பரமும் செய்கிறார்கள். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே நடந்தது என்ன என்பதை மட்டும் எந்த விளம்பரமும் காட்டுவதில்லை. இந்தக் கட்டுரை அந்த நடுப்பகுதியைப் பற்றியது.

கேட்க மறந்த கேள்வி

2024 ஏப்ரலில், எடை குறைப்பு ஆபரேஷனுக்காகப் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வந்த ஓர் இளைஞர் உயிரிழந்தார். செய்தி தமிழகத்தையே உலுக்கியது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆபரேஷன் நடந்த தனியார் ஆஸ்பத்திரியின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. யார் மீது குற்றம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலை அன்று. ஆனால் அந்த நாட்களில் டீக்கடையிலும் பஸ்ஸிலும் எழுந்த பேச்சு நமக்கு நினைவிருக்கிறது. "இந்த ஆபரேஷனே ஆபத்து" என்றார் ஒருவர். "பட்டினி கிடந்தால் இளைக்கமாட்டானா? கத்தி எதற்கு?" என்றார் இன்னொருவர்.

இரண்டு பேருமே ஆபரேஷன் அறையை மட்டுந்தான் பார்த்தார்கள். அந்த அறைக்குள் நோயாளி இருப்பது ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம். அதற்கு முன்னால் பல வாரங்களும் அதற்குப் பின்னால் ஆயுட்காலம் முழுவதும் இருக்கின்றன. அந்த வாரங்களில் என்ன நடந்தது, அந்த வருஷங்களில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்பதே நாம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

ஏன் இவ்வளவு பேர்?

2015–16-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். 2019–21 கணக்கெடுப்பில் அது 40 ஆகிவிட்டது. ஆண்களில் 28 ஆக இருந்தது 37 ஆயிற்று. அகில இந்தியாவுக்கும் சேர்த்துப் பார்த்தால் பெண்களில் 24, ஆண்களில் 23 பேர்தான். ஐந்து வருஷ காலத்தில் நூற்றுக்கு ஒன்பது பேர் கூடுவது சாதாரண சங்கதி இல்லை. 2025 பிப்ரவரியில் பிரதமரே வானொலி உரையில், சமையல் எண்ணெயைப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள் என்று குடும்பங்களைக் கேட்டுக்கொள்ளும் நிலைமை வந்தது.

இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவையே இல்லை. நடையும், உணவுக் கட்டுப்பாடும், தேவையானால் மருந்தும் போதும். 2025-இல் எடை குறைப்பதற்கென்று வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி மருந்துகளும் இந்தியக் கடைகளுக்கு வந்துவிட்டன. அவற்றாலும் எடை நன்றாகவே குறைகிறது. நிறுத்தினால் இறங்கிய எடையில் பெரும்பகுதி ஏறிவிடுகிறது என்பதையும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

அப்படியானால் ஆபரேஷன் யாருக்கு? ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. உங்கள் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். வரும் எண்ணால் உங்கள் எடையை வகுத்துவிடுங்கள். கிடைப்பதுதான் உடல் எடைக் குறியீட்டெண். உயரம் 1.60 மீட்டர், எடை 96 கிலோ என்றால் குறியீட்டெண் 37.5. இந்திய நிபுணர்கள் கூடி 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த 37.5-ஐத் தாண்டியவர்களுக்கு ஆபரேஷனை யோசிக்கலாம் என்றது. சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு போன்றவையும் கூட இருந்தால் 32.5-ஐத் தாண்டினாலே யோசிக்கலாம். அதாவது அதே உயரமுள்ளவருக்கு சுமார் 83 கிலோ. 2022-இல் சர்வதேச ரண சிகிச்சை நிபுணர் சங்கங்கள் இந்த எல்லையை இன்னும் கீழே இறக்கியிருக்கின்றன. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வியாதி வந்துவிடுகிறது என்பது அதற்குக் காரணம்.

கல்யாணத்துக்கு முன் பத்துக் கிலோ இறங்கவேண்டும் என்பவர்களுக்கு உரியதல்ல இது. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகு சிகிச்சையும் வேறு. 2022-இல் பெங்களூரில் ஒரு கன்னட நடிகை அப்படிப்பட்ட கொழுப்பு நீக்கச் சிகிச்சையை அடுத்து இறந்தபோது பலர் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொண்டார்கள். அது தோலுக்கு அடியில் நடப்பது. இது ஜீரண மண்டலத்தையே மாற்றி அமைப்பது.

இரைப்பையில் என்ன செய்கிறார்கள்?

1966-இல் அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மேசன் இந்த வழியைத் தொடங்கினார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்ட நோயாளிகள் பிறகு பருப்பதே இல்லை என்பது அவருடைய யோசனைக்கு வித்திட்டது. அன்று வயிற்றை நீளமாகக் கிழித்துச் செய்தார்கள். இன்று சிறு துவாரங்கள் வழியே காமிராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்கிறார்கள்.

இப்போது அதிகமாக நடப்பவை இரண்டு. முதலாவதில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விட்டு வைக்கிறார்கள். இரண்டாவதில் இரைப்பையின் மேல் நுனியில் கோழி முட்டையைவிடச் சிறிய பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். உணவு குறுக்குப் பாதையில் போகிறது. இரண்டிலும் உண்ணும் அளவு குறைகிறது. அதோடு, பசியைத் தூண்டும் சுரப்புகளும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சுரப்புகளும் மாறுகின்றன. எடை இறங்குமுன்னரே சிலருக்குச் சர்க்கரை இறங்குவது இதனால்தான்.

பயன் உண்டா என்று கேட்டால், உண்டு. ஸ்வீடன் தேசத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட 2,010 பேரையும், அதே போன்ற பருமன் இருந்தும் செய்துகொள்ளாத 2,037 பேரையும் சராசரி பதினோரு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 2007-இல் முடிவு வெளியாயிற்று. செய்துகொள்ளாதவர்களில் 129 பேரும் செய்துகொண்டவர்களில் 101 பேரும் இறந்திருந்தார்கள். குறுக்குப் பாதை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பத்து வருஷம் கழித்தும் பழைய எடையில் நாலில் ஒரு பங்கு குறைவாகவே இருந்தார்கள்.

ஆபத்து உண்டா என்றால், அதுவும் உண்டு. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பத்து மையங்களில் முதல்முறையாக ஆபரேஷன் செய்துகொண்ட 4,776 பேரைக் கணக்கெடுத்தார்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர். பெரிய சிக்கல் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேருக்குச் சற்று மேல். நல்ல அனுபவமுள்ள மையங்களின் கணக்கு அது. இந்த ஆயிரத்துக்கு மூன்றைக் குறைப்பதும் கூட்டுவதும் பெரும்பாலும் முன்னேற்பாட்டின் கையில் இருக்கிறது.

கத்திக்கு முன்னால்

முதற்காரியம், ஓர் ஆளை ஆபரேஷனுக்குத் தகுதியானவரா என்று தலை முதல் கால் வரை பரிசோதிப்பது. இருதயத்துக்கு ஈ.சி.ஜி., எக்கோ. சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேன். இரைப்பைக்குள் புண்ணோ கிருமியோ இருக்கிறதா என்று குழாய் செலுத்திப் பார்க்கும் சோதனை. இரும்புச் சத்து, பி12, டி வைட்டமின்கள் ஏற்கெனவே குறைவாக இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும். பருத்த உடம்பில் சத்துக் குறைவா என்று வியக்கவேண்டாம். சோறும் பலகாரமும் மிகுந்து, மற்றவை குறைந்த உடம்பில் இது சர்வசாதாரணம்.

அடுத்தது குறட்டை. வீட்டார் கேலி செய்யும் குறட்டை, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கு எச்சரிக்கை மணி. மிகவும் பருத்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நின்று போவதுண்டு. அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் விழித்த பிறகும் மூச்சுத் திணறல் வரலாம். முன்கூட்டியே தெரிந்தால் இரவில் காற்றழுத்தம் கொடுக்கும் முகமூடிக் கருவியைச் சில வாரம் பழக்கி, அதையே ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவரச் சொல்வார்கள்.

புகை பிடிப்பவர் குறைந்தது ஆறு வாரம் முன்பே அடியோடு நிறுத்தவேண்டும். புகை, தையல் ஆறுவதைத் தடுக்கிறது, நுரையீரலைக் கெடுக்கிறது, கால் நரம்புகளில் ரத்தம் உறைவதற்கும் துணை போகிறது. அப்படி உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்வதுதான் இந்த ஆபரேஷனில் உயிரைக் குடிக்கும் காரணங்களுள் முக்கியமானது. அதனால்தான் ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுகிறார்கள்; ஆபரேஷனான சில மணி நேரத்திலேயே நோயாளியை எழுப்பி நடக்கவும் வைக்கிறார்கள். "பாவம், வலிக்கிறது, படுத்திருக்கட்டும்" என்று நர்ஸைத் தடுக்கும் உறவினர் நோயாளிக்கு நன்மை செய்யவில்லை.

கடைசி இரண்டு வாரம் ஒரு விசேஷப் பத்தியம் உண்டு. பருத்தவர்களின் கல்லீரலில் கொழுப்பு நிறைந்து அது வீங்கி, இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கும். டாக்டர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யவேண்டும். பதினைந்து நாள் மாவுச் சத்தையும் கொழுப்பையும் வெகுவாகக் குறைத்து, நாளொன்றுக்கு 800 முதல் 1,000 காலரி அளவில் உண்டால் கல்லீரல் சுருங்கிக் கொடுக்கும். "எப்படியும் இனிச் சாப்பிட முடியாதே" என்று கடைசி வாரத்தில் பிரியாணியும் அல்வாவுமாக விருந்து கொண்டாடுகிறவர், தம் டாக்டரின் கையைத் தாமே கட்டிப் போடுகிறார். இந்தப் பத்தியத்தின்போது சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே எடுத்துக்கொண்டால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். அளவை டாக்டரே மாற்றித் தரவேண்டும்.

மனோதத்துவ நிபுணரைப் பார்க்கச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. "நான் என்ன பைத்தியமா?" என்கிறார்கள். விஷயம் அதுவல்ல. துக்கத்தில் சாப்பிடுகிறவர் உண்டு. தனிமையில் சாப்பிடுகிறவர் உண்டு. மதுவில் மறக்கிறவர் உண்டு. இரைப்பையைச் சிறிதாக்கினாலும் துக்கம் சிறிதாவதில்லை. சாப்பாடு என்ற ஆறுதல் போனபின் அவர் எதை நாடுவார் என்பதை முன்னாலேயே யோசிப்பது அவசியம். குறுக்குப் பாதை ஆபரேஷனுக்குப் பிறகு மது ரத்தத்தில் வெகு வேகமாக ஏறும். ஓரிரு வருஷத்தில் குடிக்கு அடிமையாகிறவர்கள் தொகை கூடுவதும் கண்டறியப்பட்டிருக்கிறது.

வீடு திரும்பிய பிறகு

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நோயாளி வீடு வருகிறார். உண்மையான சிகிச்சை அன்றுதான் ஆரம்பமாகிறது.

முதலில் தெளிந்த திரவம் மட்டும். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரமில்லாத தெளிந்த ரசம், கஞ்சித் தெளிவு, நீர் மோர். பிறகு பால், புரதப் பொடி கலந்த பானம், கெட்டியில்லாத கூழ். சுமார் இரண்டு வாரத்துக்குப் பின் மசித்த பருப்பு, மசித்த காய், கலக்கிய முட்டை. அதன் பிறகு மெத்தென்ற உணவு. ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே சாதாரணச் சாப்பாடு. எந்த நாளில் எது என்ற அட்டவணை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி சற்று மாறும். தரப்பட்ட அட்டவணையை அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்து அதன்படி நடக்கவேண்டும். பக்கத்து வீட்டு அம்மாளுடைய அட்டவணை உதவாது.

அளவைவிட விதம் பெரிது. தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொள்ளும் நம் பழக்கம் இனி இல்லை. நாளெல்லாம் மிடறு மிடறாக ஒன்றரை லிட்டராவது குடிக்கவேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி கழித்தே குடிக்கலாம். ஒவ்வொரு கவளத்தையும் இருபது, முப்பது தடவை மெல்லவேண்டும். இன்னும் ஒரு வாய் என்று தோன்றும்போது கையைக் கழுவிவிடவேண்டும். அந்த ஒரு வாய்தான் வாந்தியைக் கொண்டுவருகிறது. குறுக்குப் பாதை ஆபரேஷன் செய்துகொண்டவர் ஒரு கிண்ணம் பாயசம் குடித்தால், படபடப்பு, வியர்வை, வயிற்று வலி, பேதி என்று அரை மணி நேரம் தவித்துப் போவார்.

நம் சாப்பாட்டு இலையிலேயே ஒரு புரட்சி தேவைப்படுகிறது. தமிழர் இலையில் நடுநாயகம் சோறு. மற்றதெல்லாம் சோற்றைத் தள்ளிவிடத் துணை. இனிமேல் வயிற்றில் இடமோ காபித் தம்ளர் அளவு. உடம்புக்கோ நாள்தோறும் 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். நூறு கிராம் சோற்றில் இருப்பது இரண்டரை கிராம் சுமார். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலிலும் அவ்வளவே. வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் நூறு கிராமில் 8 கிராம். நூறு கிராம் மீனில் 20 கிராமை ஒட்டி. ஆகவே முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் சோறு என்று வரிசையே தலைகீழாகவேண்டும். இதைக் கவனிக்காதவருக்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது. மூன்றாம் மாதத்திலிருந்து தலைமயிர் கொட்டுவது பலருக்கும் உண்டு. சரியாகச் சாப்பிட்டால் அது மீண்டும் வளரும்.

மாத்திரையை மறந்தால்

குடல் வழி மாறிய உடம்பு, உண்ட உணவிலிருந்து எல்லாச் சத்தையும் எடுத்துக்கொள்ளாது. ஆகவே பல சத்துகள் கலந்த வைட்டமின் மாத்திரை, பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, டி வைட்டமின் இவை ஆயுள் முழுவதும் தொடரவேண்டும். இரும்பையும் சுண்ணாம்பையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்று மற்றதைத் தடுத்துவிடும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு சாப்பிட்டாலும் பலன் குறையும்.

ஒரு வருஷம் ஆனதும் பலர் செய்யும் தவறு இதுதான். எடை இறங்கிவிட்டது, பழைய சட்டை தொளதொளக்கிறது, எல்லோரும் பாராட்டுகிறார்கள். "இன்னும் எதற்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறார்கள். உடம்பில் சேமிப்பாக இருக்கும் பி12 தீர வருஷக் கணக்காகும். தீர்ந்த பிறகு கால் மரத்துப் போவதும், ஞாபக மறதியும், ரத்த சோகையும் மெள்ள வந்து சேரும். அப்போது பார்க்கும் டாக்டரிடம் பழைய ஆபரேஷனைச் சொல்லக்கூட அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் மருந்துக் கடையில் தாமே வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைகள் இன்னொரு பகை. அவற்றுள் பல, புதிய தையல் இடத்தில் புண்ணை உண்டாக்கும். எந்த டாக்டரிடம் போனாலும், எந்தக் கடையில் கேட்டாலும், "எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்பதே முதல் வாக்கியமாக இருக்கட்டும்.

பெண்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. பருமனால் குழந்தை தங்காதிருந்தவர்களுக்கு எடை இறங்கியதும் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஆனால் ஆபரேஷனுக்குப் பின் ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை அதைத் தள்ளிப் போடவேண்டும். இளைத்துக்கொண்டிருக்கும் உடம்பு இரண்டு உயிருக்குச் சத்துக் கொடுக்க இயலாது. குறுக்குப் பாதை ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பத் தடை மாத்திரையை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. தகுந்த வேறு முறையைப் பெண் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நலம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஆபரேஷனுக்குப் பின் முதல் சில வாரங்களில் கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் தோன்றினால் விடியட்டும் என்று பார்க்கக் கூடாது: நாடித் துடிப்பு ஓய்விலிருக்கும்போதே 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், தீராத வயிற்று வலி, இடது தோளில் வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. தையல் வழியே கசிவு இருந்தாலும் ரத்தக் கட்டி இருந்தாலும் உடம்பு கொடுக்கும் முன்னறிவிப்புகள் இவை. "வாயுப் பிடிப்பாயிருக்கும், ஓமத் தண்ணீர் கொடு" என்று ஓர் இரவைக் கடத்தியவர்கள் அந்த ஓர் இரவில் எல்லாவற்றையும் இழக்க நேரலாம்.

நாள் கணக்கில் நிற்காத வாந்தியும் அப்படியே. அதனால் பி1 என்ற வைட்டமின் தீர்ந்து, கண் பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, மூளையே பாதிக்கப்படலாம். பக்கத்துக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது இதை இன்னும் மோசமாக்கும். முதலில் பி1 கொடுத்தாகவேண்டும். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் இரவு நேர டெலிபோன் எண் நோயாளியின் சட்டைப் பையில் இருக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

பணம் எங்கே போகிறது?

இங்கேதான் தனி மனிதரின் ஜாக்கிரதையைத் தாண்டி, பொது விஷயம் ஒன்று எழுகிறது. இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதியின்படி, இந்த ஆபரேஷனுக்குப் பணம் பெற வயது 18-க்கு மேலும் குறியீட்டெண் 40-க்குக் குறையாமலும் இருக்கவேண்டும். அடங்காத சர்க்கரை வியாதி, இருதய நோய், தூக்க மூச்சுத் தடை போன்ற கடுமையான நோய் இருந்து, மற்ற வழிகளெல்லாம் தோற்றிருந்தால் 35 போதும். இந்திய நிபுணர்கள் சொல்லும் எல்லையோ 37.5-ம் 32.5-ம். ஆக, டாக்டர் "தேவை" என்று சொல்லியும் கம்பெனி "இல்லை" என்று சொல்லும் ஒரு கூட்டம் நடுவே நிற்கிறது. பாலிசி கிடைத்தவர்களுக்கும் பொதுவாக ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் அதை ஒட்டிய கொஞ்ச காலத்துக்கும்தான் பணம். வருஷாவருஷம் எடுக்கவேண்டிய ரத்தப் பரிசோதனை, ஆயுட்கால மாத்திரை, உணவு ஆலோசனை எல்லாம் கைப்பணம்.

கைப்பணம் என்றவுடன் மனிதன் என்ன செய்வான்? நாலு ஆஸ்பத்திரியில் விலை விசாரிப்பான், குறைந்ததைத் தேர்ந்தெடுப்பான். அது அவன் குற்றமன்று. ஆனால் விலையைக் குறைக்க விரும்பும் இடத்தில் எது முதலில் வெட்டுப்படும்? ஆபரேஷனை வெட்டமுடியாது. முன்னால் இருக்கும் பரிசோதனைகளும் பின்னால் இருக்கும் கவனிப்புமே வெட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாத பகுதிகள் அவைதாமே! தமிழ்நாட்டில் 1997-ஆம் வருஷத்து மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. கட்டடம், கருவி, ஆட்கள் ஆகியவற்றைப் பார்வையிடும் அதிகாரிகள், இந்த ஆபரேஷனைச் செய்யும் இடங்களில் இன்னொரு ஏட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்: ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஒரு வருஷம் கழித்தும் பரிசோதனைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? வராதவர்களை யாராவது தேடினார்களா?

அரசு கேட்கும்வரை காத்திராமல் நோயாளியே ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். இந்த ஆபரேஷனை நீங்கள் வருஷத்தில் எத்தனை செய்கிறீர்கள்? சிக்கல் நேர்ந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே இருக்கிறதா? மயக்க மருந்து டாக்டர் என்னை முன்னதாகப் பார்ப்பாரா? உணவு ஆலோசகரும் மனோதத்துவ நிபுணரும் உண்டா? நீங்கள் சொல்லும் தொகையில் எத்தனை மாதத்துக் கவனிப்பு அடங்கும்? முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தில் தைரியமாகச் சேரலாம். "நாளைக்கே வாருங்கள், முடித்துவிடலாம்" என்று அவசரப்படுத்தும் இடத்திலிருந்து அன்றைக்கே வெளியேறிவிடலாம்.

நாலாவது ஆள்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில், நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவர் என்று வைத்தியத்தை நான்கு கூறாகப் பிரித்திருக்கிறார். முதல் மூவரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நாலாவது ஆள் நாம்தான்: மனைவி, கணவன், தாய், மகன், மாமியார், அலுவலகத் தோழர்.

"வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பலாமா?" என்று இன்னொரு கரண்டி போடுவது நம் பண்பாடு. "இளைத்துத் துரும்பாகிவிட்டாயே, அம்மா!" என்று கண் கலங்குவது நம் அன்பு. ஆனால் ஆபரேஷன் ஆன ஒருவர் வீட்டுக்கு வரும்போது அந்த அன்பைக் கொஞ்சம் வேறு பாத்திரத்தில் பரிமாறவேண்டும். சிறிய தட்டு வைத்தால் போதும். அவர் மெதுவாகச் சாப்பிடக் காத்திருந்தால் போதும். முதல் ஆறு வாரம் தண்ணீர்க் குடத்தையும் காஸ் சிலிண்டரையும் நாம் தூக்கிக் கொடுக்கலாம். ஏகாதசியானாலும் ரமலானானாலும், டாக்டரைக் கேட்காமல் விரதம் வேண்டாம் என்று தடுக்கலாம். மாலையில் அவரோடு கூட நடக்கலாம். மூன்று வருஷம் கழித்துச் சில கிலோ திரும்பி ஏறினால், "இவ்வளவு செலவழித்தும் பார்!" என்று குத்திக் காட்டாமல் ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் அழைத்துப் போகலாம். கொஞ்சம் ஏறுவது பலருக்கும் உண்டு. அவமானத்துக்குப் பயந்து டாக்டரிடம் போகாமலிருப்பதே பெரிய நஷ்டம்.

டாக்டர் தம் வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு கையுறையைக் கழற்றிவிடுவார். மீதி வேலை, தினம் மூன்று வேளை, நம் அடுக்களையில் நடக்கவேண்டியது. பாட்டி இருந்திருந்தால் இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்லியிருக்கமாட்டாள். "மருந்து கொடுத்தாயிற்று, பத்தியம் யார் பார்த்துக்கொள்வது?" என்று ஒரே கேள்வி கேட்டிருப்பாள். ஆபரேஷனுக்கு நாள் குறிக்குமுன் அந்தக் கேள்விக்கு வீட்டில் ஒரு பதில் தயாராக இருக்கட்டும்.